பழைய கிளாசிக் 350 வாங்கியாச்சு: டூல்ஸ் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

நெல்லை_350

எல்லாருக்கும் வணக்கம். 2015 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். கார்புரேட்டர் வண்டி, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இன்ஜின் சத்தம் நன்றாக இருக்கிறது. ஆனால் சர்வீஸுக்கு விட்டுவிட்டு எடுத்தால் ஒவ்வொரு தடவையும் எங்கேயாவது ஒரு ஸ்க்ரூ காணவில்லை, இல்லையென்றால் தலை வழுக்கிப் போயிருக்கிறது. அதனால் ஆயில் மாற்றுவது, செயின், பிரேக், கேபிள் வேலையெல்லாம் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. அப்புறம் ஃபாக் லைட், வேறு ஹேண்டில் பார், யூஎஸ்பி சார்ஜர் என்று கொஞ்சம் ஆசையும் இருக்கிறது.

ஆன்லைனில் 108 பீஸ் டூல் செட் ஒன்று கண்ணில் பட்டது. பிளாஸ்டிக் பெட்டியோடு பார்க்க அழகாக இருக்கிறது. வாங்கலாமா? மொத்தம் ஐயாயிரம் வரைக்கும் செலவழிக்கலாம்.

---

டபுள்_ஸ்டாண்ட்

வாழ்த்துகள் தம்பி. அந்த 108 பீஸை விட்டுவிடுங்கள். எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஸ்க்ரூடிரைவர் பிட்டுதான் இருக்கும். உங்களுக்கு வேண்டிய ரிங் ஸ்பேனர் ஒன்றுகூட இருக்காது. அந்த விலைக்கு வரும் ராட்செட்டில் (ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருகும் கைப்பிடி) உள்ளே இருக்கும் பல்லும் நம்பகமில்லை. முழு பலத்தோடு இழுக்கும்போது பல் நழுவினால் உங்கள் விரல் முட்டி நேராக இன்ஜின் ஃபின்னில் போய் இடிக்கும்.

முதலில் காசு செலவில்லாத வேலை ஒன்று. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். நீங்கள் கழற்றப்போகிற நட்டு, போல்ட்டுகளின் அளவை மட்டும் எழுதுங்கள். அளவு தெரியவில்லை என்றால் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். அந்தத் தாள்தான் உங்கள் ஷாப்பிங் லிஸ்ட்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஜப்பான் வழி வந்த வண்டிகளில் எம்8 போல்ட்டின் (மரை 8 மில்லிமீட்டர் தடிமன்) தலை பெரும்பாலும் 12 மில்லிமீட்டர். ஸ்பிளெண்டர், யமஹா ஆர்எக்ஸ் எல்லாம் 8, 10, 12, 14, 17 வைத்தே ஓட்டிவிடலாம். புல்லட்டில் 13 வரும். பல சின்ன செட்டுகளில் 12க்கு அடுத்து நேராக 14. 13 இல்லாத செட்டை வாங்கிவிட்டு 14 போட்டுத் திருகினால் நட்டு மூலை மழுங்கிவிடும். சர்வீஸில் உங்களுக்கு நடப்பதாகச் சொன்னீர்களே, அதுவும் இப்படித்தான் நடந்திருக்கும்.

---

எட்டாம்_நம்பர்

மேலே அண்ணன் சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: சாக்கெட் (ராட்செட்டில் மாட்டும், நட்டைக் கவ்வும் குழல்) வாங்கும்போது உள்ளே எத்தனை மூலை என்று பாருங்கள். 12 மூலை சாக்கெட் இடுக்கில் மாட்டுவதற்கு வசதி. ஆனால் துருப்பிடித்த நட்டுக்கு 6 மூலைதான். அது நட்டின் தட்டைப் பக்கத்தில் அழுத்தும், மூலையைச் சுரண்டாது.

நான் வாங்கச் சொல்வது: காம்பினேஷன் ஸ்பேனர் செட் ஒன்று (ஒரு முனை ரிங், இன்னொரு முனை திறந்தது), 3/8 இன்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு) ராட்செட், அதற்கு எக்ஸ்டென்ஷன் ஒன்று, 8 முதல் 19 வரை சாக்கெட், எல் கீ செட், நோஸ் பிளேயர், கட்டிங் பிளேயர். டப்பாரியா போதும். நாசிக் கம்பெனி, எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் உதிரியாகக் கிடைக்கும். உதிரியாகக் கிடைப்பதுதான் முக்கியம். ஒரு ஸ்பேனர் தொலைந்தால் அதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

பின் ஆக்ஸில் நட்டுக்கு மட்டும் நீளமான கைப்பிடியோடு பெரிய ஸ்பேனர் ஒன்று தனியாக வேண்டும். ஸ்க்ரூ ஸ்பேனரை வைத்து ஆக்ஸில் நட்டைக் கழற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

டி ஸ்பேனர் 10, 12, 13 மூன்றும் வாங்கினால் வேலை பறக்கும். நம்ம ஊர் மெக்கானிக்குகள் ராட்செட்டைத் தொடாமல் டி ஸ்பேனரிலேயே இன்ஜினை இறக்குவதற்குக் காரணம் இருக்கிறது. விரலால் ஒரு சுழற்று விட்டால் நட்டு தானாக வெளியே வந்துவிடும்.

---

மணல்மேடு_மைனர்

அப்படியே ஒரு ஃபீலர் கேஜும் (சின்ன இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) சேர்த்து வாங்குங்கள். டேப்பட் (வால்வு) இடைவெளி செட் பண்ண வேண்டாமா?

---

டபுள்_ஸ்டாண்ட்

மைனர், அவர் வண்டி யூசிஈ இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது). 2009இல் வந்த கிளாசிக்கிலேயே அந்த இன்ஜினுக்கு ஹைட்ராலிக் டேப்பட்தான். ஆயில் அழுத்தத்திலேயே இடைவெளி சரியாகிக்கொள்ளும். செட் பண்ண அங்கே ஒன்றும் கிடையாது. டேப்பட் சத்தம் வந்தால் ஆயிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் ஸ்பிளெண்டருக்குக் கேஜ் கட்டாயம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளியைக் கையால் ஆட்டிப் பார்த்தே சரியாக வைக்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நமக்கு அந்தக் கை இல்லை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும் அளவுக்கு வையுங்கள்.

நெல்லை தம்பி, உங்களுக்குக் கேஜ் பிளக் இடைவெளி பார்க்க மட்டும் உதவும். இரண்டு பிளக் வண்டி, இரண்டையும் பாருங்கள்.

---

பழைய_இரும்பு

காஸ்ட் அயர்ன் புல்லட் வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு மெட்ரிக் செட் வாங்கிவிடாதீர்கள். அந்த வண்டி பிரிட்டிஷ் வடிவமைப்பு. பல இடங்களில் இன்ச் கணக்கு மரைதான். விட்வொர்த் ஸ்பேனர் வேண்டும். போதாக்குறைக்கு, கைமாறிக் கைமாறி வந்த வண்டியில் முந்தைய ஓனர் தொலைத்த போல்ட்டுக்குப் பதில் கையில் கிடைத்த மெட்ரிக் போல்ட்டை முறுக்கி ஏற்றியிருப்பார். கையால் மூன்று சுற்று சுலபமாக ஏறாத போல்ட்டை ஸ்பேனர் போட்டு ஏற்றாதீர்கள். எந்த வண்டிக்கும் இது பொருந்தும்.

கான்டாக்ட் பாயிண்ட் (தீப்பொறியைத் தூண்டும் பழைய வகை சுவிட்ச்) இருக்கும் வண்டி என்றால் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அங்கே கேஜ் இல்லாமல் முடியாது.

---

ஆர்எக்ஸ்_பைத்தியம்

ஸ்க்ரூடிரைவரைப் பற்றி யாருமே பேசவில்லையே. "தலை வழுக்கிப் போயிருக்கிறது" என்று நெல்லை எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது.

ஆர்எக்ஸ் 100, பழைய சிடி 100, ஸ்பிளெண்டர் இன்ஜின் கவரில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூவைக் கிட்டப் பாருங்கள். பல ஸ்க்ரூக்களில் ஸ்டாருக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளிக் குழி இருக்கும். அது ஜேஐஎஸ் என்கிற ஜப்பான் அளவு. நாம் வாங்கும் சாதாரண ஸ்டார் டிரைவர் பிலிப்ஸ் வடிவம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் பிலிப்ஸ் முனை ஜேஐஎஸ் குழியில் அடிவரைக்கும் உட்காராது. திருகினால் ஏறி வெளியே வரும், வரும்போது குழியை வழித்துக்கொண்டு வரும். இரண்டு முறை அப்படி ஆனால் அந்த ஸ்க்ரூவின் கதை முடிந்தது. வெசல் போன்ற ஜப்பான் கம்பெனி டிரைவர் ஒன்று வாங்கி வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

கவர் ஸ்க்ரூ பிடித்துக்கொண்டால் இம்பாக்ட் டிரைவர். சுத்தியால் பின்னால் அடித்தால் முனை குழிக்குள் அழுந்தியபடியே கொஞ்சம் திரும்பும். கையில் பிடித்து அடிக்கிற சாதாரண ரகம் போதும், பேட்டரி எல்லாம் வேண்டாம். கழற்றிய பிறகு அதே அளவில் எல் கீ போல்ட்டாக மாற்றிவிட்டால் அடுத்த முறை நிம்மதி. ஆனால் நீளம் பார்த்து வாங்குங்கள். ஒரே கவரில் இரண்டு மூன்று நீளத்தில் ஸ்க்ரூ இருக்கும். அட்டையில் கவர் படத்தை வரைந்து, ஓட்டை போட்டு, கழற்றிய ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

---

நெல்லை_350

நன்றி அண்ணே. டார்க் ரெஞ்ச் (குறித்த பலத்துக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) அவசியமா? நான் கேட்ட மெக்கானிக் சிரிக்கிறார். "கைக்கணக்குதான் தம்பி எல்லாம்" என்கிறார்.

---

மணல்மேடு_மைனர்

அவர் சொல்வது சரிதான். எங்கள் ஊர் மெக்கானிக் வாழ்க்கையில் டார்க் ரெஞ்சைத் தொட்டதில்லை. அவர் கட்டிய இன்ஜின் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இதெல்லாம் யூடியூப் பார்த்து வரும் செலவு.

---

கோவை_லேத்

மைனர் சொல்லும் மெக்கானிக் ஒரே போல்ட்டை ஆயிரக்கணக்கில் இறுக்கியவர். அவர் மணிக்கட்டே டார்க் ரெஞ்ச். அந்த மணிக்கட்டு இல்லாதவர்கள் இறுக்கிய கேஸ்தான் என் லேத்துக்கு வருகிறது. ஆயில் டிரெயின் போல்ட் மரை போன இன்ஜின், மரை போன ஹெட், உடைந்து உள்ளே நிற்கும் எம்6 போல்ட். இதே வேலையாக இருக்கிறது.

காரணம் எளிது. போல்ட் இரும்பு, அது ஏறுகிற இன்ஜின் கூடு (கிராங்க் கேஸ்) அலுமினியம். அதிகம் இறுக்கினால் தோற்பது அலுமினியம். நாற்பது ரூபாய் போல்ட் பிழைத்துக்கொள்ளும், கிராங்க் கேஸ் போய்விடும். பிறகு பழைய மரையைத் துளைத்து எடுத்துவிட்டு ஹெலிகாயில் (கம்பிச் சுருளால் ஆன புது மரை) போட வேண்டும். நன்றாகப் போட்டால் பழையதைவிட உறுதியாக நிற்கும், அது வேறு விஷயம்.

அலுமினியத்தில் ஏறும் எம்6 போல்ட்டுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர்தான் தேவை. 20 சென்டிமீட்டர் நீள ராட்செட்டின் நுனியில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் பலம் அவ்வளவுதான். ஒரு ஆள் கை வைத்து "இன்னும் கொஞ்சம்" என்று இழுத்தால் அதைப்போல மூன்று மடங்கு சுலபமாக வந்துவிடும்.

அதனால் ரெஞ்ச் வாங்குவதானால் சின்னதாக வாங்குங்கள். 5 முதல் 25 வரை காட்டுவது. கடைக்காரர் அரை இன்ச் டிரைவில் 40இலிருந்து 200 வரை போகிற பெரியதைக் கையில் கொடுப்பார். அது கார் வீல் நட்டுக்கு. பைக்கில் நீங்கள் பயப்பட வேண்டிய போல்ட் எல்லாம் அதன் முதல் கோட்டுக்குக் கீழே இருக்கிறது.

இரண்டு பழக்கம்: அதை வைத்து எதையும் கழற்றாதீர்கள், இறுக்க மட்டும்தான். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள். மரையில் ஆயில் தடவினால் அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும். புத்தகத்தில் தடவச் சொன்ன இடத்தில் மட்டும் தடவுங்கள்.

---

மணல்மேடு_மைனர்

நாற்பது ரூபாய் போல்ட், கிராங்க் கேஸ்... சரி, அந்தக் கணக்கு புரிகிறது. ஆனால் ஐயாயிரம் பட்ஜெட்டில் அது இடம் பிடித்தால் மற்றது குறையும்.

---

கோவை_லேத்

குறையட்டும். பேடாக் ஸ்டாண்டு (பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்டு) அவருக்கு வேண்டாம், வண்டியிலேயே சென்டர் ஸ்டாண்டு இருக்கிறது. அந்தக் காசை இங்கே போடலாம். டிரெயின் போல்ட் வாஷரும் ஒவ்வொரு ஆயிலுக்கும் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷரில் கசிவு நிற்கவில்லை என்றுதான் ஆட்கள் மேலும் மேலும் இறுக்குகிறார்கள்.

---

ஈசிஆர்_காற்று

செயினுக்கு என்று ஒரு கூட்டம் கலர் கலராக ஸ்ப்ரே விற்கிறது. மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், துணி, 90 நம்பர் கியர் ஆயில், இவ்வளவு போதும். பெட்ரோல் வேண்டாம். ஓ-ரிங் செயினாக இருந்தால் ரப்பரைக் கெடுத்துவிடும், தீப்பிடிக்கிற ஆபத்து வேறு. டபிள்யூடி-40 நல்ல சாமான்தான். ஈரத்தை விரட்டும், துருவை இளக்கும். ஆனால் அது செயினுக்கான மசகு எண்ணெய் இல்லை. அதை அடித்துவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள்.

இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணி பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே துணி போனால் விரலும் கூடவே போகும். நியூட்ரலில், சாவியை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

கிளாசிக்கில் செயின் இறுக்கும்போது பின் ஆக்ஸிலின் இரண்டு பக்க கேமும் (செயினை இறுக்கத் திருப்பும் பல் வைத்த வட்டு) ஒரே பல்லில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பல் மாறினாலும் சக்கரம் கோணலாக நிற்கும். செயின் லாக் (செயினின் இரு முனைகளை இணைக்கும் கண்ணி) மாட்டினால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

என் வண்டி கடற்கரை ஓரம் நிற்கிறது. ஸ்பேனரைத் துடைக்காமல் வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே பழுப்பாகிவிடுகிறது. ஆயில் துணியில் சுற்றி வைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிப் போனால் மட்டும் துருப்பிடிப்பதில்லை, ஏனென்றால் அது திரும்பி வருவதே இல்லை.

---

மின்சாரப்_பூனை

ஃபாக் லைட், சார்ஜர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலைக்கு ஸ்பேனர் கடைசி. முதலில் ஒரு மல்டிமீட்டர். விலை மலிவானதே போதும், நமக்கு 12 வோல்ட் டிசி படித்தால் சரி.

லைட் வாங்குவதற்கு முன்பே அளந்து பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 பக்கம் இருக்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திருகினால் 13.8இலிருந்து 14.5க்குள். இப்போது ஹெட்லைட் போட்டு, பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். எண் 13க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் உங்கள் சார்ஜிங் ஏற்கெனவே திணறுகிறது. அதன் மேல் ஃபாக் லைட்டை ஏற்றினால் நடுவழியில் கிக்கர்தான் கதி.

20 வாட் எல்.ஈ.டி. இரண்டு என்றால் 40 வாட். 12ஆல் வகுத்தால் மூன்றேகால் ஆம்பியர் சுமார். 5 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள், அதுவும் பேட்டரிக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக. ரிலேயில் (சின்ன கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) 30ஆம் நம்பர் முனைக்குப் பேட்டரி பாசிட்டிவ் ஃப்யூஸ் வழியாக, 87 லைட்டுக்கு, 86 சுவிட்சிலிருந்து, 85 எர்த். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயரிலிருந்து சுவிட்சுக்கு எடுத்தால், மறந்து இறங்கினாலும் பேட்டரி பிழைக்கும்.

இதற்கு ராட்செட் உள்ள கிரிம்பிங் பிளேயர் (ஒயர் முனையில் டெர்மினலை நசுக்கிப் பிடிக்க) ஒன்றும் சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபும் வேண்டும். ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதுதான் பல ஆக்சஸரி கடைகளில் வழக்கம். நம்ம வெயிலில் அந்த டேப் பிசின் உருகிப் பிசுபிசுவென்று ஆகி, நாலு மாதத்தில் தானாகப் பிரியும். கிரிம்ப் செய்த பிறகு ஒயரைப் பிடித்து ஒரு இழு இழுங்கள். கையோடு வந்தால் இப்போதே வரட்டும்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில். பாசிட்டிவில் ஸ்பேனர் போட்டிருக்கும்போது அதன் மறுமுனை ஃபிரேமில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

---

நெல்லை_350

ஹேண்டில் பார், சைலன்சர் மாற்றுவதற்குத் தனி டூல்ஸ் ஏதாவது?

---

டபுள்_ஸ்டாண்ட்

சைலன்சருக்கு ஸ்பேனர் சொல்வதற்கு முன்னால் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்சியில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. சத்தம் போடும் சைலன்சருக்குத் தனிப் பிரிவு, அபராதம் 10,000 வரை போகும்.

சார்ஜருக்காக யாரும் பிடிக்கப்போவதில்லை. சைலன்சரை நான் தொடமாட்டேன். தெருவில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளும் இருக்கின்றன.

ஹேண்டில் பாருக்குத் தனி டூல் இல்லை. கிளாம்ப் போல்ட்டுக்கு உங்கள் சாக்கெட் போதும். பார் உயரம் கூடினால் கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் நீளம் எட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, கேபிள் இழுபடுகிறதா, ஆக்சிலரேட்டர் தானாக ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் ரோட்டுக்குப் போக வேண்டும். மாஸ்டர் சிலிண்டரை (ஹேண்டில் பாரில் இருக்கும், பிரேக் ஃப்ளூயிட் உள்ள பகுதி) தொட்டால் டேங்க் மேல் துணி போடுங்கள். டாட் 4 பிரேக் ஃப்ளூயிட் சொட்டினால் பெயின்ட்டை அரித்துவிடும்.

---

ஆர்எக்ஸ்_பைத்தியம்

சைலன்சர் விஷயத்தில் டபுள்_ஸ்டாண்ட் அண்ணனோடு நான் ஒத்துப்போகவில்லை, ஆனால் அந்தச் சண்டைக்கு இது இடமில்லை. ஆர்எக்ஸ் சத்தமே ஒரு தனி ஜாதி.

---

எட்டாம்_நம்பர்

வழியில் கொண்டுபோகும் டூல்ஸ் வேறு கணக்கு. கிளாசிக் ஸ்போக் வீல், டியூப் டயர். டியூப்லெஸ் வண்டிக்குக் குச்சி செருகுவது போல இதில் முடியாது. இரண்டு டயர் லீவர், முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு ஸ்பேர் டியூப், சின்ன பம்ப், ஆக்ஸில் ஸ்பேனர், ஒரு ஸ்பேர் கிளட்ச் கேபிள். ஸ்பேனர் இருந்தாலே பாதி ஜெயித்த மாதிரி. நீங்கள் சக்கரத்தைக் கழற்றி வைத்தால் பஸ்ஸில் போட்டுக்கொண்டுகூட பஞ்சர் கடைக்குப் போகலாம். டியூப்பை உள்ளே விடும்போது லீவர் முனை டியூப்பைக் கடிக்காமல் இருக்க லேசாகக் காற்று ஏற்றி விடுங்கள். கொஞ்சம் டால்கம் பவுடரும் தூவுங்கள்.

---

நெல்லை_350

எல்லாருக்கும் நன்றி. சொன்ன மாதிரி தாளோடு சுற்றி வந்தேன். 13 தான் அதிகம், அடுத்தது 10. இரண்டு ஸ்க்ரூ தலை முழுசாக வழுக்கியிருக்கிறது, இடது பக்க பேனலில். இம்பாக்ட் டிரைவர் முனையும் பிடிக்கவில்லை. இப்போதைக்குக் காம்பினேஷன் ஸ்பேனர் செட், 3/8 ராட்செட், சின்ன டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர் என்று முடிவு செய்திருக்கிறேன். சென்னை வரும்போது புதுப்பேட்டையில் டூல்ஸ் பார்க்கலாமா?

---

ஈசிஆர்_காற்று

புதுப்பேட்டை பழைய ஸ்பேர் பார்ட்ஸுக்கு. பழைய பேனல், ஒரிஜினல் ஸ்க்ரூ வேண்டுமென்றால் போங்கள், பேரம் பேசத் தெரிய வேண்டும். புது டூல்ஸுக்குப் பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைத் தெருக்கள். ஆக்சஸரிக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. மூன்றும் ஒரே நாளில் முடியும், ஞாயிறு மட்டும் போகாதீர்கள்.

---

கோவை_லேத்

வழுக்கிய ஸ்க்ரூவுக்கு: தலை வெளியே தெரிகிறது என்றால் ஆக்ஸா பிளேடால் நடுவில் ஒரு காடி அறுத்து, அகலமான மைனஸ் டிரைவர் போட்டுத் திருகிப் பாருங்கள். அதற்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். வரவில்லை என்றால் அதோடு நிறுத்திவிட்டு யாராவது லேத்காரரிடம் கொண்டுபோங்கள். உளி வைத்து அடித்துவிட்டுக் கொண்டுவராதீர்கள், எங்களுக்கு வேலை இரட்டிப்பாகும்.